1846 என்பதை 1486 என்று எழுதியவன்

இலங்கையின் வன்னியில், விசுவமடுவில் மாமாவின் வளவில் ஒரு பழைய லாண்ட்மாஸ்டர், இரண்டு சில்லு உழவு இயந்திரம், நிற்கிறது. எண்ணெய்த் தொட்டிக்கு அடியில் இருக்கும் ஆணியைக் கழற்றினால், அதன் நுனியில் ஒரு சிறு காந்தத் துண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். வன்னிக்குள் பொருள்கள் வராமல் தடுத்திருந்த போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, வாயடைத்துப்போன ஒரு வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியை உடைத்து மாமா எடுத்த காந்தம் அது. எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு தடவையும் ஆணியை வெயிலுக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கரும்பசைபோல ஏதாவது படிந்திருந்தால் துணியால் துடைத்துவிட்டுப் பூட்டிவிடுவார். ஊசிமுனை அளவுக்கு ஒரு துகள் மினுங்கினால் போதும். "உள்ளே ஒன்று இன்னொன்றைத் தின்கிறது" என்பார். அன்றைக்கு உழவு கிடையாது.

அந்தக் காந்தத்தை நான் மறுபடி சந்தித்தது பிரித்தானியாவில், ஒரு போர் விமான எஞ்சினின் வயிற்றுக்குள். அங்கே அது அழகாகக் கடைந்தெடுத்த ஒரு செருகி. எண்ணெய் ஓடும் வழியில் உட்கார்ந்து, பேரிங்கிலிருந்தும் பற்சக்கரத்திலிருந்தும் உதிரும் இரும்புத் துகளைப் பிடித்து வைத்திருக்கும். குறித்த பறப்பு மணிக்கு ஒரு தடவை அதைக் கழற்றி, துகளை ஒட்டுநாடாவில் எடுத்து, அட்டையில் ஒட்டி, உருப்பெருக்கியில் பார்ப்பார்கள். எண்ணெயும் ஒரு சிறு குப்பியில் ஆய்வுகூடத்துக்குப் போகும். இரும்பு எவ்வளவு, செம்பு எவ்வளவு, வெள்ளி எவ்வளவு என்று பத்து லட்சத்தில் ஒரு பங்கு வரைக்கும் அளந்து சொல்வார்கள். எந்த உலோகம் கூடுகிறது என்று தெரிந்தால், எந்தப் பாகம் தேய்கிறது என்பதை எஞ்சினைத் திறக்காமலே ஊகித்துவிடலாம்.

மாமாவிடம் இதைச் சொன்னபோது அவர் பெரிதாக வியக்கவில்லை. "அட்டையில் ஒட்டி என்ன செய்வார்கள்?" என்று மட்டும் கேட்டார். போன மாதத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள் என்றேன். அதற்குத்தான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய காந்தத்துக்குப் போன மாதம் என்று ஒன்று கிடையாது, துடைத்துவிடுவாரே.

என் பிழைப்பு அந்தப் போன மாதத்து அட்டையில்தான் ஓடுகிறது. சமாதான காலத்தில், ஏ9 பாதை திறந்திருந்த 2003இல் வன்னியை விட்டுப் போனேன். விமானப் பராமரிப்புப் படித்தேன். ஆறு வருடம் ஸ்பானர் பிடித்தேன், பிறகு பேனை. இராணுவ விமான எஞ்சின்களின் பறப்புத் தகுதியை மேற்பார்வை செய்கிறவர்களில் நானும் ஒருவன். எஞ்சினை நான் இப்போது தொடுவதில்லை. தொட்டவர்கள் எழுதி வைத்ததைப் படிக்கிறேன். ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் கேள்வி கேட்கிறேன். ஊரில் இதை விளக்கி மாளாது. "கணக்கப்பிள்ளை வேலை" என்று மாமி எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறார். யோசித்துப் பார்த்தால் அது பிழையான விளக்கமும் இல்லை.

கடந்த ஆவணியில் ஊருக்கு வந்திருந்தபோது, கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மூன்று பிள்ளைகள் தேடி வந்தார்கள். தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு பெண்பிள்ளை கேட்டுவிட்டாள்: "அண்ணா, போர் விமானத்தின் எஞ்சின் பறக்கத் தகுதியானது என்று யார் சொல்கிறார்கள்? பயணிகள் விமானத்துக்குச் சொல்கிறவர்கள்தானா?"

இல்லை. உலகச் சிவில் விமானப் போக்குவரத்தின் அடிப்படையான 1944ஆம் ஆண்டுச் சிக்காகோ உடன்படிக்கை, அதன் மூன்றாவது உறுப்புரையிலேயே, அரசு விமானங்களுக்குத் தான் பொருந்தாது என்று சொல்லிவிடுகிறது. இராணுவம், சுங்கம், பொலிஸ் மூன்றும் அந்த வகை. ஆகவே இராணுவ விமானத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அந்தந்த நாட்டின் கையில். இந்தியாவில் பெங்களூரைத் தலைமையகமாகக் கொண்ட 'செமிலாக்' என்ற இராணுவப் பறப்புத் தகுதி மையம் சான்றளிக்கிறது. அதுவும் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவின் ஓர் அங்கம்தான். பிரித்தானியாவில் இராணுவ வான் அதிகாரசபை. அதுவும் பாதுகாப்பு அமைச்சுக்கு உள்ளேதான் இருக்கிறது.

"அப்படியென்றால் பரீட்சை எழுதுகிறவரே விடைத்தாளையும் திருத்துகிறாரா?" என்றான் கூட வந்த பையன்.

இந்தத் தொழிலின் முழுத் தலைவலியையும் அவன் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான். தன் முதுகு தனக்குத் தெரியாது. அதைத் தெரியவைப்பதற்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2006 செப்டம்பர் 2ஆம் தேதி, ஆப்கானிஸ்தானில் கந்தகாருக்கு அருகே, நிம்ரொட் என்ற பிரித்தானிய வேவு விமானம் நடுவானில் எரிபொருள் நிரப்பிக்கொண்ட சிறிது நேரத்தில் தீப்பிடித்து வெடித்தது. உள்ளே இருந்த 14 பேரும் இறந்தார்கள். எஞ்சினிலிருந்து இழுக்கும் சூடான காற்றைக் கொண்டுபோகும் குழாயில் கசிந்த எரிபொருள் பட்டதே தீக்குக் காரணம் என்று விசாரணை முடிவுகட்டியது. சாள்ஸ் ஹடன்-கேவ் என்ற வழக்கறிஞர் தயாரித்த மீளாய்வு அறிக்கை 2009 அக்டோபரில் வெளிவந்தது. அந்த விமானம் பாதுகாப்பானது என்று காட்டுவதற்காகச் சில வருடங்களுக்கு முன்தான் ஒரு பெரிய ஆவணத் தொகுதி தயாரித்திருந்தார்கள். ஆபத்துகளைத் தேடிப்பிடிக்க வேண்டிய அந்த வேலையை, விமானம் எப்படியும் பாதுகாப்பானதுதான் என்ற நினைப்போடு செய்து முடித்துவிட்டார்கள் என்று அறிக்கை கிழித்துத் தொங்கவிட்டது. இராணுவ வான் அதிகாரசபை 2010இல் பிறந்தது அந்த அறிக்கையின் வயிற்றிலிருந்துதான். விமானத்தை ஓட்ட வேண்டிய அவசரம் உள்ளவரும் அதை நிறுத்திவைக்கும் அதிகாரம் உள்ளவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது அதன் சாரம்.

பிள்ளைகளுக்கு இதைவிடப் பிடித்தது சுற்றுக் கணக்கு. எஞ்சினின் வயதை எத்தனை மணி நேரம் ஓடியது என்று மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அடங்கிக் கிடந்த எஞ்சின் உச்ச வேகத்துக்கு ஏறி மறுபடி அடங்கினால் அது ஒரு சுற்று. டர்பைன் இறக்கைகளைத் தாங்கும் வட்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை சுழலும்போது, அந்த இறக்கைகள் தங்கள் எடையின் பல்லாயிரம் மடங்கு விசையோடு அதை வெளியே இழுக்கின்றன. ஏறும்போது உலோகம் விரிகிறது, இறங்கும்போது தளர்கிறது. இரும்புக் கம்பியை வளைத்து வளைத்து ஒடிப்பதுபோலத்தான். கொழும்பிலிருந்து இலண்டனுக்குப் பதினொரு மணி நேரம் போகும் பயணிகள் விமானத்துக்குப் பெரிய சுற்று ஒன்றுதான். போர் விமானம் ஒரு மணி நேரப் பயிற்சியில் முடுக்கியை எத்தனையோ தடவை ஏற்றி இறக்கும்.

இதற்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு. 'ரெட் அரோஸ்' என்ற பிரித்தானிய வான்சாகச அணியில் ஒன்பது ஹோக் விமானங்கள் ஒன்றாகப் பறக்கும். எல்லாவற்றிலும் அடூர் எஞ்சின்தான், பறப்பு நேரமும் ஒன்றேதான். ஆனால் முன்னால் போகும் தலைவர் முடுக்கியை அதிகம் அசைப்பதில்லை. ஓரத்தில் போகிறவர் தன் இடத்தைக் காப்பாற்ற ஓயாமல் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருப்பார். அளந்து பார்த்தபோது ஓரத்து எஞ்சின்களின் ஆயுள் தலைவருடையதைவிடப் பல மடங்கு வேகமாகக் கரைந்தது. மணிக்கணக்கை மட்டும் நம்பியிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும். மிளகாய்த் தோட்டத்துக்கு ஒரே சீராக இறைக்கும் தண்ணீர்ப் பம்பையும், வரம்புக்கு வரம்பு திரும்பிச் சேற்றில் திணறும் லாண்ட்மாஸ்டரையும் பார்த்தவர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

வட்டுக்கு ஏன் இத்தனை மரியாதை? இறக்கை ஒன்று முறிந்தால் எஞ்சினின் கவசம் அதைப் பிடித்துக்கொள்ளும். பிடிக்கிறதா என்று வேண்டுமென்றே உடைத்துச் சோதிக்கிறார்கள். வட்டு பிளந்தால் அதைத் தாங்கும் கவசத்தைச் சுமந்துகொண்டு எந்த விமானமும் பறக்க முடியாது. 1989 ஜூலையில் அமெரிக்காவின் சியூ சிட்டியில் விழுந்த பயணிகள் விமானத்தில் வால்பக்க எஞ்சினின் விசிறி வட்டு பிளந்து, விமானத்தைக் கட்டுப்படுத்தும் மூன்று ஹைட்ராலிக் தொகுதிகளையும் செயலிழக்கச் செய்தது. அந்த வட்டிலிருந்த வெடிப்பு முந்தைய பரிசோதனையில் கண்ணில் படவில்லை. இதனால்தான் வட்டுகளுக்கு ஒரு கண்டிப்பான ஆயுள். பழைய அமெரிக்க இராணுவ முறையில், ஆயிரம் வட்டுகளில் ஒன்றில் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர் வெடிப்புத் தோன்றலாம் என்று கணக்குச் சொல்லும் சுற்றிலேயே ஆயிரத்தையும் கழற்றிவிடுவார்கள். மீதி 999உம் நல்லவை என்று தெரிந்துகொண்டே கழற்றுவார்கள். இதைக் கேட்டபோது மாமாவுக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

ஆனால் அந்தக் கணக்கெல்லாம் ஓர் எண்ணை நம்பி நிற்கிறது: இந்த வட்டு இதுவரை எத்தனை சுற்று ஓடியது? அதை வட்டு சொல்லாது. அதன் பதிவு அட்டைதான் சொல்லும். அட்டையில் நான் எழுதியிருந்தேன்.

2014ஆம் ஆண்டு. ஓர் எஞ்சினின் டர்பைன் பகுதியைக் கழற்றி இன்னொன்றில் பூட்டினார்கள். புதிய அட்டை திறந்து, பழைய அட்டையின் கூட்டுத்தொகையை அதில் எடுத்தெழுத வேண்டும். பழையதில் 1846 என்று இருந்தது. நான் 1486 என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை பின்னேரம், வீட்டுக்குப் போகும் அவசரம் என்றெல்லாம் சொல்லலாம். உண்மையில் அது செவ்வாய்க்கிழமை காலை, எனக்கு எந்த அவசரமும் இருக்கவில்லை. இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டியவர் பக்கத்து மேசைக்காரர். அவர் புதிய அட்டையைப் பார்த்தார், கையெழுத்துத் தெளிவாக இருந்தது, எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது, ஒப்பமிட்டார். பழைய அட்டையை அவர் திறக்கவே இல்லை. நான் பிழை விடமாட்டேன் என்று நம்பினார். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த நல்லுறவில் 360 சுற்றுகள் காணாமல் போய்விட்டன.

எட்டு மாதம் கழித்து, வருடாந்தச் சரிபார்ப்பில், ஓர் இளம்பெண் எல்லா அட்டைகளையும் முதல் நாளிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தாள். என் மேசைக்கு வந்து, விரலை அந்த இலக்கத்தின் மேல் வைத்து, "இந்த எழுத்து உங்களுடையதா?" என்று கேட்டாள். என் நாலு எனக்குத் தெரியும். மேல்பக்கம் திறந்திருக்கும், கால் கொஞ்சம் நீண்டிருக்கும். விசுவமடுப் பள்ளிக்கூடத்தில் பழகிய நாலு. அடிவயிற்றில் குளிர் பரவியது.

சம்பவ அறிக்கையை என் பெயரிலேயே எழுதினேன். விமானத்தை நிறுத்தினார்கள். வட்டு தன் எல்லையைத் தாண்டியிருக்கவில்லை; இன்னும் நிறைய மிச்சம் இருந்தது. என்னை யாரும் தண்டிக்கவில்லை. என் மேலதிகாரி இரண்டு மாதம் என்னோடு அளவாகப் பேசினார், அவ்வளவுதான். ஆனால் அந்த அட்டை அப்படியே இருந்து, வட்டு எல்லைக்குப் பக்கத்தில் வரும் ஒரு வருடத்தை நினைத்துப் பார்க்கிறேன். பட்டறையில் விட்ட பிழை எத்தனை வருடமும் தூங்கும். 2017 ஜூலையில் அமெரிக்காவின் மிசிசிப்பியில் விழுந்த கேசி-130 இராணுவ விமானத்தில் 16 பேர் இறந்தார்கள். கழன்று பறந்த உந்துவிசிறி இறக்கையில் துருக்குழி இருந்தது. 2011இல் நடந்த பெரிய பராமரிப்பின்போதே அகற்றியிருக்க வேண்டிய துரு அது. ஆறு வருடம் காத்திருந்தது.

அதன்பிறகு என் வழக்கம் மாறிவிட்டது. இரண்டாவது கையெழுத்துக்காரர் என் புதிய அட்டையிலிருந்து தொடங்கக்கூடாது. மூல அட்டையை வாய்விட்டு வாசிக்க வேண்டும், நான் எழுதியதை விரலால் தொட்டுக்கொண்டு வருவேன். "ஆயிரத்து எண்ணூற்று" என்று வாசிக்க விடமாட்டேன். ஒன்று, எட்டு, நாலு, ஆறு என்று ஒவ்வொன்றாக. நான் அதை வாய்க்குள் தமிழில் திரும்பச் சொல்வேன். வேலைத்தளத்தில் இதைக் கேட்டுச் சிரிக்காதவர் இல்லை. எந்த மொழியில் எண்ணக் கற்றோமோ அதில்தான் காது பிழையைப் பிடிக்கிறது என்பது என் அனுபவம்.

அட்டை தொலைந்த பாகத்துக்கு எங்கள் தொழிலில் இடமில்லை. பளபளவென்று, ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தாலும், அது எங்கே பிறந்தது, எங்கெல்லாம் ஓடியது என்று சொல்லும் தாள் இல்லையென்றால், மறுபடி யாரும் பூட்டிவிடாதபடி வெட்டிப் பழைய இரும்பில் போடுவார்கள். கூட வேலை செய்கிறவர்களுக்கு இது வீண்செலவாகத் தெரியும். எனக்கு வேறொன்று ஞாபகம் வரும். அம்மாவிடம் ஒரு பொலித்தீன் பை இருந்தது. அதற்குள் இன்னொரு பை. உள்ளே எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், காணி அனுமதிப்பத்திரம், குடும்ப அட்டை, என் தேர்ச்சி அறிக்கைகள். 2009இல் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போகும்போது சட்டி பானையை விட்டார், தையல் இயந்திரத்தை விட்டார், அந்தப் பையை இடுப்பில் கட்டியபடியே செட்டிக்குளம் முகாம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தார். அயல்வீட்டு அன்னம்மா என்று நாங்கள் கூப்பிட்டவர் பையைத் தொலைத்துவிட்டார். தான் யார் என்று நிரூபிக்க அவர் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சநஞ்சமில்லை. ஆள் கண் முன்னால் நிற்கிறார். தாள் எங்கே என்று கேட்டார்கள்.

அம்மாவைப் பற்றிச் சொன்னால் மற்றதையும் சொல்ல வேண்டும். 1996இல் இலங்கை விமானப்படையின் கிபிர் போர் விமானம் வந்தபோது எனக்குப் பதினொரு வயது. சகடை என்று நாங்கள் சொன்ன, மெதுவாக வரும் குண்டுவீச்சு விமானத்தின் சத்தம் வரும்போதே பங்கருக்குள் இறங்க நேரம் இருக்கும். கிபிர் அப்படி இல்லை. சத்தம் கேட்கும்போது அது தலைக்கு மேலே வந்திருக்கும். பல வருடம் கழித்து, வகுப்பில் விரிவுரையாளர் ஒரு எஞ்சினின் குறுக்குவெட்டுப் படத்தைச் சுவரில் காட்டினார். ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ஜே79, பதினேழு கட்டக் கம்பிரசர், கோணம் மாறும் நிலை இறக்கைகள். அது பூட்டிய விமானங்களின் பெயரை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போனார்: ஸ்டார்ஃபைட்டர், ஃபாண்டம், கிபிர். குறிப்பு எழுதிய கை நின்றுவிட்டது. பெற்றோலுக்கு வழியில்லாமல், ஒரு சொட்டுப் பெற்றோலில் உசுப்பிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களின் நாற்றம் மூக்கில் ஏறியது. மேலே பறந்ததும் மண்ணெண்ணெயில்தான்.

இந்தத் தடவை அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "தம்பி, நீ கையெழுத்துப் போட்டால் அது பறக்குமா?"

"பறக்கும்."

"போடாவிட்டால்?"

"நிற்கும்."

மூடியைத் திருப்பிப் பிடித்து மறுபக்கத்தைத் துருவினார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன்: எஞ்சின் பழுதானால் உள்ளே இருக்கிற பிள்ளைகள் சாவார்கள், கீழே வீட்டில் இருப்பவர்களும் சாவார்கள், என் வேலை அதைத் தடுப்பது மட்டும்தான், எங்கே போகிறது என்பது என் அட்டையில் இல்லை. அந்தப் பதில் எனக்கே முழுதாகப் போதாது. அம்மாவுக்கும் போதவில்லை என்று நினைக்கிறேன்.

அறிவியல் நகர்ப் பிள்ளைகள் கிளம்பும்போது, இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று கேட்டார்கள். உலோகக் களைப்பைப் பற்றி ஆழமாகப் படியுங்கள், புள்ளியியலைக் கசப்பு மருந்தாக நினைக்காதீர்கள் என்றேன். படிப்பைவிடக் கஷ்டமானது ஒன்று இருக்கிறது: மூத்தவர் முகம் பார்த்து "இதில் நான் ஒப்பமிட மாட்டேன்" என்று சொல்வது. பெரியவர் சொன்னால் எழுந்து நின்று கேட்ட பிள்ளைகள் நாங்கள். எனக்கு அது வருவதற்கு நாலு வருடம் ஆனது. முதல் தடவை சொன்னபோது குரல் வெளியே வரவில்லை. தாளில் எழுதி நீட்டினேன். ஒரு விமானி ஒரே குறையை மூன்று தடவை எழுதியிருக்க, மூன்று தடவையும் "பரிசோதித்தோம், பழுது எதுவும் இல்லை" என்று யாரோ மூடியிருந்த பக்கம் அது. பழுது இல்லை என்ற வரி திரும்பத் திரும்ப வந்தால், பழுதை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று வாசிக்கப் பழகுங்கள் என்று அந்தப் பெண்பிள்ளையிடம் சொன்னேன். அவள் மட்டும் அதைக் குறித்துக்கொண்டாள்.

திரும்புவதற்கு முதல் நாள் கடையில் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி வந்தேன். மாமாவின் பேரன், பதின்மூன்று வயது, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டான்: தேதி, வேலை, ஓடிய மணி, செய்தவர். முதல் வரி, கடைசியாக எண்ணெய் மாற்றியது. பேனையைத் தூக்கிவைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்: "மாமா, உத்தேசமாக ஒரு தேதி போடட்டுமா?"

"'தெரியாது' என்று எழுது" என்றேன்.

சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடியிருந்த மாமா நிமிர்ந்தார். "எனக்குத் தெரியாது என்று யார் சொன்னது? வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி மாற்றினேன்."

"பொங்கலுக்கு நீங்கள் காய்ச்சலில் படுத்திருந்தீர்கள்" என்றார் மாமி குசினியிலிருந்து. "நீங்கள் சொல்வது போன வருடப் பொங்கல்."

கொஞ்ச நேரம் போன வருடமா இந்த வருடமா என்று வழக்கு நடந்தது. பையன் என்னைப் பார்த்தான். நான் கட்டத்தைக் காட்டினேன். 'தெரியாது' என்று எழுதி அடியில் தன் பெயரையும் போட்டான்.

மறுநாள் காலையில், நான் பயணப்பையைக் கட்டிக்கொண்டிருந்தபோது, மாமா லாண்ட்மாஸ்டருக்கு அடியில் குந்தியிருந்தார். எண்ணெய் வடிந்து முடிந்ததும் ஆணியை வெயிலுக்கு நேரே பிடித்தார். துணியை எடுத்தவர் நிறுத்தினார். ஒட்டுநாடா இருக்கிறதா என்று கேட்டார். வீட்டில் இல்லை. பேரனைக் கடைக்கு அனுப்பிவிட்டு, ஆணியைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.